பொருந்தாத இடத்தில் பேசும் பாட்டு

கொங்கு நாட்டு உடுக்கைப் பாட்டில் பொன்னரும் சங்கரும் பாண்டவர்களின் மறுபிறவி. பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கத்து ஊர்களில் அண்ணன்மார் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. அண்ணன்மாராகிய இவ்விருவரின் தாய் தாமரை பிள்ளை வரம் வேண்டி ஆண்டுக்கணக்கில் தவம் கிடக்கிறாள். சிவன் மனமிரங்குகிறார். முன்னொரு காலத்தில் குருக்ஷேத்திரத்தில் நின்ற வீரர்கள் அவள் வயிற்றில் வந்து பிறக்கிறார்கள். ஆனால் இந்தச் செய்தியைக் கையில் பிடித்துக்கொண்டு கதையைத் தொடர்ந்து போனால் வழியெல்லாம் இடறுகிறது. பாண்டவர்கள் போரில் வென்றவர்கள், நெடுங்காலம் நாடாண்டு முதுமையில் வடக்கு நோக்கி நடந்தவர்கள். பொன்னரும் சங்கரும் பதினாறு வயதில் படுகளத்தில் விழுகிறார்கள், அதுவும் தங்கள் வாளின் மேலேயே. பாண்டவர் ஐவர், இவர்கள் இருவர். பாஞ்சாலி ஐவருக்கும் மனைவி, தங்காளோ கன்னித் தெய்வமாக நிற்கிற தங்கை. பாடியவர்களுக்குப் பாரதம் தெரியாமல் இப்படி ஆயிற்று என்று சொல்ல வழியில்லை. பாரதத்தின் முடிவு தெரியாத கிராமம் தமிழ்நாட்டில் இருந்திருக்க முடியாது. தெரிந்தே ஒரு பெருங்கதையை உள்ளே அழைத்து, தெரிந்தே அதோடு முரண்படுகிறது பாட்டு. அதிசயக் கதை ஒன்றைச் சுட்டும் பாட்டைப் படிக்கிறவர், சுட்டு பொருந்துகிற இடங்களைத் தேடித் தொகுப்பதைவிட, அது பொருந்தாமல் போகும் இடத்தில் நின்று கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பாட்டு தன் சொந்தச் சொல்லைச் சொல்லும் இடம் அதுதான்.

இந்தச் சிக்கல் கொங்கு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1954, 1955 ஆண்டுகளில் ஜே. ஆர். ஆர். டோல்கீன் வெளியிட்ட 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பெருங்கதை, 1965இல் அமெரிக்காவில் மலிவுப் பதிப்பாக வந்தபின் கல்லூரி இளைஞர்களிடையே தீயாகப் பரவியது. அந்தத் தலைமுறையிலிருந்து எழுந்த ராக் இசைக்குழுக்கள் அக்கதையையும் அதைப் போன்ற வேறு கதைகளையும் தம் பாட்டுகளுக்குள் இழுத்துக்கொண்டன. ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழு 1967இல் ஆலிஸின் அற்புத உலகத்து வெள்ளை முயலைப் பாடியது. அதே ஆண்டு பிங்க் ஃபிளாய்ட் தன் முதல் இசைத்தட்டுக்குக் கென்னத் கிரஹாமின் சிறுவர் நாவலில் வரும் ஓர் அத்தியாயத்தின் தலைப்பையே பெயராக வைத்தது. லெட் செப்லின் குழுவின் ராபர்ட் பிளான்ட் 1969இல் 'ரேம்பிள் ஆன்' பாட்டில் மோர்டோரையும் கோல்லமையும் கொண்டுவந்தார். 1971இல் வந்த அக்குழுவின் நான்காம் தொகுப்பில் 'மிஸ்டி மவுண்டன் ஹாப்', 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்' என இரண்டு பாட்டுகளில் டோல்கீனின் நிழல் விழுந்தது. ரசிகர்கள் அன்றிலிருந்து இன்றுவரை இப்பாட்டுகளுக்குத் திறவுகோல் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எந்த ராணி எந்தப் பாத்திரம், எந்தப் போர் நூலின் எந்தப் பக்கத்தில் நடக்கிறது என்று ஒன்றுக்கொன்று கோடு இழுக்கிறார்கள். கோடு இழுக்க முடியாத இடங்களைப் பாட்டெழுதியவரின் மறதி என்றோ போதை என்றோ தள்ளிவிடுகிறார்கள்.

'ரேம்பிள் ஆன்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். மோர்டோர் என்பது டோல்கீன் உலகில் சாம்பலும் புகையும் மூடிய கொடுங்கோலனின் நாடு. அங்கே காதலுக்கு இடமில்லை. பிளான்ட் பாட்டின் நாயகனோ அந்த நாட்டின் ஆழத்தில்தான் தன் அழகியைச் சந்திக்கிறான், கோல்லமும் தீயவனும் வந்து அவளைக் கவர்ந்து போகிறார்கள். நூலில் கோல்லமுக்குத் தான் இழந்த மந்திர மோதிரத்தைத் தவிர வேறெதிலும் ஆசை கிடையாது. பெண்ணைக் கடத்துவது அவன் இயல்புக்கே ஒவ்வாது. நூலை நன்கு படித்தவர் இதைத் தவறு என்பார். ஆனால் பாட்டு முழுவதையும் வைத்துப் பாருங்கள். இலை உதிரும் காலத்தில் ஒருவன் ஊரை விட்டுக் கிளம்புகிறான். நிலைத்து நிற்க அவனால் ஆகாது, தேடிக்கொண்டே போக வேண்டும். அவன் போவதற்குப் பாட்டில் வேறு காரணம் எதுவும் இல்லை. கோல்லம் நூலில் எதைக் களவு கொடுத்தானோ அதைத் தேடி எஞ்சிய வாழ்நாளெல்லாம் அலைந்தவன். பாட்டு அந்த அலைச்சலை நாயகனுக்குக் கொடுத்துவிட்டு, களவை மட்டும் கோல்லமிடம் விட்டுவைக்கிறது. மோதிரம் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்ததால், நாயகனின் தேடலில் காதலோடு கூடவே ஒரு பேராசையின் சாயலும் ஏறிவிடுகிறது. இந்தக் கருமை காதல் பாட்டின் வழக்கமான சொற்களில் வராது. மோர்டோரைச் சரியான பொருளில் சொல்லியிருந்தாலும் வந்திருக்காது.

மறுபக்கம், கனடாவின் ரஷ் குழு 1975இல் பாடிய 'ரிவெண்டெல்' பாட்டு நூலுக்கு மிகவும் உண்மையானது. எல்ஃபுகளின் அமைதியான பள்ளத்தாக்கை நூல் காட்டியபடியே காட்டுகிறது, ஓரிடத்திலும் பிசகவில்லை. கேட்க இனிமையாகவும் இருக்கிறது. ஆனால் நூலில் இல்லாத ஒன்றை அது நமக்குத் தருவதில்லை. உண்மையாக இருப்பது ஒரு குறை என்று நான் சொல்ல வரவில்லை. விளக்கம் எழுதுகிறவருக்கு அங்கே வேலை குறைவு, அவ்வளவே. 'எவர்மோர்' பாட்டின் கதை வேறு. பிளான்டும் சாண்டி டெனியும் மாறி மாறிப் பாடும் அந்தப் பாட்டில் டோல்கீனின் மோதிர ஆவிகளுக்குப் பக்கத்தில் ஆர்தர் மன்னன் கதையின் அவலோனும் வருகிறது. ஸ்காட்லாந்துப் போர்களைப் பற்றிய நூல் ஒன்றைப் படித்த சூட்டில் எழுதியது என்று பிளான்ட் சொல்லியிருக்கிறார். ஒரே பாட்டில் மூன்று போர்கள் கலந்திருக்க, அதை டோல்கீனின் ஒரே போராகப் படிக்க முயல்கிறவர் மற்ற இரண்டையும் வெட்டி எறிய வேண்டியிருக்கும். எந்தப் போர் என்று சொல்ல முடியாத நிலைதான் அங்கே பொருள். ஊழிதோறும் நடக்கிற ஒரு போரை அது பாடுகிறது.

இப்படிப் படிப்பதற்குத் தமிழில் பழைய அடித்தளம் உண்டு. தொல்காப்பியம் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் இரண்டைப் பிரித்துப் பேசுகிறது. உள்ளுறை உவமத்தில் கருப்பொருளின் ஒவ்வோர் உறுப்பும் சொல்ல வந்த பொருளின் ஒவ்வோர் உறுப்போடு இணையும். வயலும் தாமரையும் எருமையும் தலைவனும் பரத்தையும் தலைவியுமாக வரிசையாக ஒட்டிக்கொள்ளும். இறைச்சி அப்படி ஒட்டுவதில்லை. சொல்லப்பட்டதற்குப் புறத்தே நின்று குறிப்பால் தோன்றும். உள்ளுறைக்கு நிலைக்களனாகும் கருப்பொருள்களில் தெய்வத்தை மட்டும் தொல்காப்பியர் விலக்கி வைத்தார் என்பது இங்கே கவனிக்கத் தக்கது. அதற்கு உரையாசிரியர்கள் என்ன காரணம் சொன்னாலும், தெய்வமும் அற்புதமும் உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட இடம் தராத பொருள்கள் என்ற உணர்வு அதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதிசயக் கதையைச் சுட்டும் பாட்டுகளை ரசிகர்கள் உள்ளுறையாகப் படித்து இடறுகிறார்கள். அவை பெரும்பாலும் இறைச்சியின் வழியில் நடப்பவை.

அண்ணன்மார் கதைக்குத் திரும்புவோம். 1965இல் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் காங்கயம் பகுதியின் ஓலப்பாளையத்தில் தங்கி இக்கதையின் பாட்டு வடிவத்தை ஒலிநாடாவில் பதிந்தார். 1982இல் அதைப் பற்றிய ஆய்வு நூலை வெளியிட்டார். கவிஞர் சக்திக்கனல் ஏட்டிலிருந்து பதிப்பித்த அண்ணன்மார் சுவாமி கதையும் நம் கையில் இருக்கிறது. எந்தச் சகோதரன் எந்தப் பாண்டவனின் பிறவி என்ற செய்தி வடிவங்கள்தோறும் ஒன்றுபோல இருப்பதில்லை. திறவுகோல் தேடுகிறவருக்கு இது பெரிய இடையூறு. கேட்கிற மக்களுக்கோ இது ஒருநாளும் இடையூறாக இருந்ததில்லை. எந்தப் பாண்டவன் என்பதைவிட, பாண்டவர் குலத்து உயிர் என்பதே அவர்களுக்கு முக்கியம். அந்த உயிர் இந்தக் கதையில் என்ன செய்கிறது? கதையின் மையத்தில் உழவனுக்கும் காட்டு வேட்டுவனுக்கும் இடையிலான நிலப்பகை இருக்கிறது. கொம்பன் என்னும் காட்டுப் பன்றி விளைநிலத்தை அழிக்கிறது, பொன்னாச்சி என்னும் சின்ன நாய் அந்தப் பெரும்பன்றியை மடக்கத் துணை நிற்கிறது. எல்லாம் வரப்புக்கும் வேலிக்கும் உள்ளே நடக்கிற காரியங்கள். இப்படிப்பட்ட மண்சார்ந்த பகையில், வெற்றிமேல் வெற்றி கண்ட இரண்டு இளைஞர்கள் பதினாறு வயதில் தாமாகவே உயிரைவிட வேண்டும் என்றால், கேட்கிறவர் மனம் ஏன் என்று கேட்கும். பகைவன் வென்றிருந்தால் அந்தக் கேள்விக்கு விடை உண்டு. இங்கே பகைவன் வெல்லவில்லை. திருமால் விடுத்த மலரம்பு வந்து சங்கரின் நேரம் முடிந்தது என்று அறிவிக்கிறது, அவ்வளவுதான்.

பாண்டவர் பெயர் வேலை செய்யும் இடம் இது. பாரதத்தில் வென்றவர்களே இங்கே சாகிறார்கள் என்பதால் சாவு தோல்வியாக ஆகாமல் போகிறது. ஏற்கெனவே வென்று முடித்த ஓர் உயிருக்கு இந்தப் பிறவியில் வெல்ல எதுவும் மிச்சமில்லை. அது தவணைக்கு வந்தது, தவணை முடிந்ததும் திரும்புகிறது. பாரதத்திலேயே பதினாறு வயதில் களத்தில் விழுந்தவன் அபிமன்யு. உறுப்புக்கு உறுப்பு ஒப்பு வேண்டியிருந்தால் இவர்களை அபிமன்யுவின் பிறவி என்று பாடியிருந்தால் போதும், கணக்கு நேராகியிருக்கும். அப்படிப் பாடியிருந்தால் பழைய துயரம் ஒன்று மறுபடி நடப்பதாகக் கதை சுருங்கியிருக்கும். துயரத்தோடு வென்றவனின் நிறைவும் சேர்ந்தே ஒலிக்க வேண்டும் என்பதால்தான் பொருந்தாத பெயர் தேவைப்பட்டது. வீரப்பூரில் மாசி மாதத்தில் நடக்கும் படுகள நிகழ்ச்சியில் மருள் வந்து விழுந்தவர்கள் எழுப்பப்படுகிறார்கள். விழுவதும் எழுவதும் ஒரே இரவின் காரியமாக இருக்கும் அந்தச் சடங்குக்கு இந்த இரட்டை ஒலி இன்றியமையாதது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1999இல் வெளியிட்ட பெருநூலில், அண்ணன்மார் கதை உள்ளிட்ட வட்டாரக் காவியங்களுக்கும் மகாபாரதத்துக்கும் உள்ள உறவு மேற்பூச்சு இல்லை, ஆழத்தில் ஓடும் கட்டமைப்பு என்று விரிவாக வாதிட்டார். அப்படியானால் பொருத்தங்களைத் தேடுவதுதானே சரியான வழி, பொருந்தாமையைப் பிடித்துக்கொண்டு பேசுவது அந்த ஆழத்தைக் காணாமல் விடுவதாகாதா? உறவு ஆழமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆழமான உறவு இருப்பதால்தான் முரண் பொருள் பெறுகிறது. தொடர்பே இல்லாத இரண்டு கதைகள் வேறுபட்டால் அதில் சொல்ல ஒன்றுமில்லை. பாரதத்தை எலும்பு வரை உள்வாங்கிக்கொண்ட ஒரு பாட்டு முடிவில் அதை மறுத்து நின்றால், அந்த மறுப்புதான் பாட்டின் தனி உயிர். ஹில்டபைட்டலின் உழைப்பு பொருத்தங்களின் பட்டியலை நமக்கு நீட்டித் தந்திருக்கிறது. பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு எஞ்சியிருக்கும் பொருந்தாமை தெளிவாகத் தெரிகிறது.

நாட்டார் பாட்டு பல தலைமுறைக் கைகளில் உருவானது, அதில் முரண் தானாகச் சேர்ந்திருக்கலாம், அதை நோக்கம் என்று சொல்லலாமா என்றும் கேட்கலாம். எழுதியவர் யார் என்று தெரிந்த, ஆண்டு தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். அதற்கும் கொங்கு நாட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துப் பூளவாடியில் 1899இல் பிறந்த உடுமலை நாராயணகவி, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுக்காகக் கிந்தனார் காலட்சேபத்தை எழுதினார். 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் அது இடம்பெற்றது. பெயரைக் கேட்டதுமே நந்தனார் நினைவுக்கு வந்துவிடுவார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 19ஆம் நூற்றாண்டின் இடையிலிருந்தே வீட்டுத் திண்ணைவரை பரவியிருந்தது. கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் 1935இல் நந்தனாராகவே திரையில் தோன்றினார், 1942இல் தண்டபாணி தேசிகர் தோன்றினார். ஆகவே 1949இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மூலக்கதை விரல்நுனியில் இருந்தது. தில்லைக்குப் போக ஏங்கும் நந்தன், தடுக்கும் ஆண்டை, விலகி வழிவிடும் நந்தி, முடிவில் நெருப்பில் மூழ்கி ஒளியுடம்போடு எழும் அற்புதம், இவற்றை யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாராயணகவி இந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே இருந்த இலக்கை மாற்றினார். கிந்தன் ஏங்குவது படிப்புக்காக. ஊரில் படிக்க வழியில்லாத சேரிச் சிறுவன் நகரத்துக்குப் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். தன்னைத் தள்ளிவைத்த பள்ளிக்கூடத்துக்கே அதிகாரியாக வருகிறான். காலட்சேபத்தின் நடையும் மெட்டும் தோரணையும் பழையவை. பொருந்தாமல் நிற்பவை இரண்டு: கோயில் இருந்த இடத்தில் பள்ளி, நெருப்பு இருந்த இடத்தில் வெறுமை. இரண்டாவதுதான் அதிகம் பேசுகிறது. நந்தன் உள்ளே போக வேண்டுமானால் முதலில் எரிய வேண்டும். கிந்தன் எரியாமலே உள்ளே போகிறான். தூய்மைப்படுத்தும் அற்புதம் இங்கே தேவைப்படவில்லை, ஏனென்றால் தூய்மைக் குறைவு என்ற ஒன்றே இங்கே ஒப்புக்கொள்ளப்படவில்லை. ஒரு பிரசங்கத்தில் நீட்டிச் சொல்ல வேண்டியதை, எதிர்பார்த்த நெருப்பு வராமல் போவதன் மூலம் பாட்டு சொல்லிவிடுகிறது. இதைக் கேலி என்று மட்டும் வகைப்படுத்துவது போதாது. கிருஷ்ணனின் நகைச்சுவைக்குள் நந்தன் மேல் இருந்த பரிவு குறையவே இல்லை, அவன் எரிந்ததன் மேல்தான் கோபம். கோபாலகிருஷ்ண பாரதியும் இதே வழியில் வந்தவரே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் வரலாற்றில் கொடிய ஆண்டை கிடையாது. ஆண்டையாக வரும் வேதியர் பாத்திரத்தைப் படைத்துச் சேர்த்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. பெரியபுராணத்தோடு கீர்த்தனை பொருந்தாத அந்த இடத்தில் 19ஆம் நூற்றாண்டுப் பண்ணையடிமைத்தனம் பேசியது. கீர்த்தனையோடு காலட்சேபம் பொருந்தாத இடத்தில் 20ஆம் நூற்றாண்டின் பள்ளிக்கூடம் பேசியது.

அப்படியென்றால் எந்தப் பிசகையும் ஆழம் என்று சொல்லித் தப்பிக்கலாமே என்ற மறுப்புக்கு வருகிறோம். எல்லாப் பொருந்தாமையும் பேசுவதில்லை. கண்ணதாசன் 1965இல் 'இதயக் கமலம்' படத்துக்காகக் கம்பனின் உலாவியற் படலத்துச் செய்யுள் ஒன்றை எடுத்தாண்டார். மிதிலையின் வீதியில் இராமனைப் பார்க்கும் பெண்கள், பார்த்த உறுப்பை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் நின்றதைச் சொல்வது அந்தச் செய்யுள். கம்பனில் பார்ப்பவர் பலர், சொல்பவர் கவி. திரைப்பாட்டில் பார்ப்பவரே தன் வாயால் சொல்கிறார். படர்க்கை தன்மையானதும் ஊர்த்திருவிழா காதலின் அந்தரங்கமாகிவிட்டது. கம்பனில் எந்தப் பெண்ணும் இராமனை முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை என்பது தெய்வத்தின் அளவின்மையைக் குறித்தது. இங்கே அதே குறை காதலின் தீராத ஆசையாகிறது. மாற்றம் சிறிது, பாட்டு முழுவதும் அந்த மாற்றத்தின் மேல் நிற்கிறது. 1997இல் வந்த 'இருவர்' படத்தின் நறுமுகைப் பாட்டில் வைரமுத்து புறநானூற்று 112ஆம் பாட்டின் தொடக்கத்தை ஒரு காதல் பாட்டுக்குள் வைத்தார். புறநானூற்றில் அது தந்தையையும் குன்றையும் ஒருசேர இழந்த பாரி மகளிரின் கையறுநிலை. பொருந்தாமை இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. ஆனால் அந்த இழப்பின் நிழல் பாட்டில் வேறெங்கும் தொடரவில்லை. நிலவொளியில் நடந்த சந்திப்புக்கு ஒரு பழந்தமிழ் ஒலி தேவைப்பட்டது, அது கிடைத்தது. அழகான ஒலிதான். இருந்தும் பாரி மகளிரை அழைத்துவந்து அவர்களை ஒரு சொல்லும் பேசவிடாமல் நிறுத்தியதாகவே எனக்குப் படுகிறது. பொருந்தாமை பேசுகிறதா என்பதற்கு அளவுகோல் இதுவே: அந்த இடத்தை எடுத்துவிட்டால் பாட்டின் மற்ற பகுதிகள் சரிய வேண்டும். கிந்தனாரில் பள்ளிக்கூடத்தை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. 'மிஸ்டி மவுண்டன் ஹாப்' பாட்டில் பூங்காவில் கூடிய இளைஞர்களும் காவலர்களும்தான் விஷயம், மலையின் பெயரை மாற்றினாலும் பாட்டு நிற்கும்.

சாமி கும்பிடும் கதையையும் இசைத்தட்டில் விற்ற பாட்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்பது கடைசி மறுப்பு. உடுக்கைக்காரருக்குப் பாண்டவர் மறுபிறவி நம்பிக்கை. பிளான்டுக்கு மோர்டோர் ஒரு நாவலின் கற்பனை நாடு. இந்த வேறுபாடு பெரியது, அதை மழுப்ப விரும்பவில்லை. நம்பிக்கை இருக்கும் இடத்தில் பொருந்தாமைக்குக் கூடுதல் துணிவு வேண்டும், கேட்பவரும் அதைக் கூடுதல் கவனத்தோடு ஏற்கிறார். ஆனால் இரண்டு இடத்திலும் சுட்டு வேலை செய்வதற்கு ஒரே நிபந்தனைதான் இருக்கிறது. கேட்பவர் மூலக்கதையை முன்பே அறிந்திருக்க வேண்டும். கோல்லம் யாரென்று தெரியாதவருக்கு அவன் பெண்ணைக் கவர்ந்தது வெறும் செய்தி. நந்தன் எரிந்தது தெரியாதவருக்குக் கிந்தன் எரியாமல் போனது கண்ணில் படவே படாது. 'நல்லதம்பி' காலட்சேபத்தை இன்று பார்க்கிற இளைஞர்களில் பலர் சிரிக்கிறார்கள், கிருஷ்ணனின் குரலும் முகமும் அவர்களையும் சிரிக்க வைக்கின்றன. நந்தனார் கீர்த்தனையை அவர்கள் கேட்டதில்லை. அதனால் எந்த நெருப்பு அங்கே வராமல் போனது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. உடுக்கைப் பாட்டுகளைப் பதிந்து வைக்கிறவர்களும் பழைய திரைப்பாட்டுகளைத் தொகுக்கிறவர்களும் பாட்டோடு மூலக்கதையின் முடிவையும் ஒரு பத்தியாவது எழுதிச் சேர்த்தால், மாறியது எது என்பதை அடுத்து வருகிறவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள்.